கனவீனம் என்று ஒதுக்கிய அவயவம்



ஞாயிறு ஆராதனைக்கு முன் விண்ணப்பச் சீட்டுகளை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்ப்பது என் வழக்கம். சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால் வலி, கண் புரை ஆகியவற்றை மக்கள் பெயர் சொல்லியே எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் வாயால் சொல்லவே அஞ்சிய புற்றுநோயையும் இப்போது எழுதுகிறார்கள். ஆனால் சில சீட்டுகளில் "சரீர பெலவீனம்" என்ற இரண்டே சொற்கள் இருக்கும். பெயருக்குக் கீழே வேறொன்றும் இராது. அந்தச் சொற்களுக்குப் பின்னால் பல நோய்கள் மறைந்திருக்கலாம். அவற்றுள் அடிக்கடி மறைவது மூலநோய் என்பதை, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வீடு சந்திப்புக்குச் சென்றுவரும் நான் அறிவேன். வாசல் வரை வழியனுப்ப வருகிறவர்கள், வீட்டார் உள்ளே சென்ற பிறகு, குரலைத் தாழ்த்தித்தான் அதைச் சொல்வார்கள்.

இந்த வாரத் தியானத்தை அந்த நோயைப் பற்றியே எழுதுகிறேன். ஆயர் எழுதத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். நான்கு ஆண்டுகளாக எனக்கும் இந்த நோய் உண்டு. ஆகையால், கேள்விப்பட்டதை மட்டுமன்றி அனுபவித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பது வயது நிறைந்த ஆண்டில் அது தொடங்கியது. காலைக்கடன் கழிக்கையில் வலி இல்லை. ஆனால் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் இரத்தம் சொட்டியது. மறுநாளும் அப்படியே. அன்றே என் மனைவியிடம் சொன்னேன். அந்த வாரமே அறுவை மருத்துவர் ஒருவரிடம் சென்றோம். அவர் என்னைவிடப் பல வயது இளைய பெண் மருத்துவர். நான் அங்கி அணிந்து திருவிருந்து வழங்குகிறவன் என்பது அவருக்குத் தெரியும். தயங்கி நின்ற என்னிடம், "ஐயா, எனக்கு இது தொண்டையைப் பார்ப்பது மாதிரிதான்" என்றார். இடப்புறமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். விரலாலும், பிறகு சிறு குழாய் போன்ற கருவியாலும் சோதித்தார். ஐந்து நிமிடங்கள்கூட ஆகவில்லை. அந்த அறைக்குள் நுழையும் முன் மனம் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால், உள்ளே உடல் பட்டது மிகச் சொற்பம்.

மூலம் என்பது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று அன்று என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். ஆசனவாயின் உட்புறத்தில் இரத்தநாளங்கள் நிறைந்த, மெத்தை போன்ற திசுக்கள் பிறப்பிலிருந்தே எல்லாருக்கும் உண்டு. காற்றும் நீரும் கசியாதபடி வாயில் இறுக மூடிக்கொள்ள அவை உதவுகின்றன. நெடுநாள் மலச்சிக்கல், முக்குதல், கர்ப்பகாலம், வயது ஆகியவற்றால் அந்த மெத்தைகள் வீங்கித் தம் பிடிப்பை இழந்து கீழே சரியும்போதுதான் அவற்றை நோய் என்கிறோம். இரத்தம் மட்டும் கசிந்தால் முதல் நிலை. முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே சென்றால் இரண்டாம் நிலை. விரலால் தள்ளினால்தான் உள்ளே செல்லும் என்றால் மூன்றாம் நிலை. தள்ளினாலும் உள்ளே செல்லாமல் வெளியிலேயே நின்றால் நான்காம் நிலை. எனக்கு இரண்டாம் நிலை. உள்மூலத்தில் பெரும்பாலும் வலி இராது, ஏனெனில் அந்த இடத்தின் உட்தோலுக்கு வலியுணர்வு இல்லை. வெளிமூலத்தில் இரத்தம் உறைந்துவிட்டால் உட்காரவே முடியாத வலி வரும். மலம் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற வலி வந்தால், அது பெரும்பாலும் மூலமன்று, ஆசனவாய்ப் பிளவு. மூலம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிற பல துன்பங்கள் உண்மையில் வெவ்வேறு நோய்கள். அவற்றிற்கான சிகிச்சையும் வெவ்வேறு.

பிரியமானவர்களே, நம் சபைகளில் இந்த நோயைப் பற்றிய மௌனத்திற்கு வெட்கம் மட்டும் காரணமன்று. வேதாகமமும் ஒரு காரணம். நம் பழைய மொழிபெயர்ப்பில் உபாகமம் 28ஆம் அதிகாரத்தின் சாபப் பட்டியலில் மூலவியாதி வருகிறது. 1 சாமுவேல் 5ஆம் அதிகாரத்திலும், உடன்படிக்கைப் பெட்டியைக் கைப்பற்றிய பெலிஸ்தரை வாதித்த நோய்க்கு அதே பெயர்தான். இந்தப் பகுதிகளை வாசித்த முதிய தாயார் ஒருவர், "ஐயா, இது சாபத்தில் வருகிற வியாதியா?" என்று என்னிடம் கேட்டார். கேட்கும்போதே அவர் கண் கலங்கியது. உடம்பின் வேதனை போதாதென்று இந்தப் பாரத்தையும் அவர் பல ஆண்டுகள் சுமந்திருக்கிறார்.

அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்த இடங்களின் எபிரேய மூலத்தில் எழுதப்பட்டிருக்கும் சொல் 'ஓபலிம்'. வீக்கம், மேடு, கட்டி என்பது அதன் அடிப்படைப் பொருள். வேதத்தைப் படியெடுத்துக் காத்த யூத அறிஞர்கள், வாசிக்கும்போது அதற்குப் பதிலாக 'தெகோரிம்' என்ற வேறொரு சொல்லை வாசிக்கும்படி ஓரத்தில் குறித்துவைத்தார்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமமும் நம் பழைய தமிழ் வேதாகமமும் மூலவியாதி என்று பெயர்த்தன. இன்றைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் 'கட்டிகள்' என்றே காண்கிறோம். பெலிஸ்தர் காணிக்கையாக அனுப்பிய ஐந்து பொன் சுரூபங்களோடு ஐந்து பொன் சுண்டெலிகளும் இருந்ததைக் கருதி, அது எலிகளோடு பரவிய கொள்ளைநோயாக இருக்கலாம் என்று அறிஞர் சிலர் எண்ணுகிறார்கள். எப்படியாயினும், ஒரு நகரம் முழுவதையும் சில நாட்களில் வீழ்த்திய அந்த வாதைக்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும் நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்திருப்பவருக்கும் வருகிற மூலத்திற்கும் தொடர்பில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து யார் பாவம் செய்தது என்று சீடர்கள் கேட்டபோது ஆண்டவர் அந்தக் கேள்வியையே ஏற்கவில்லை. நாமும் அதை ஏற்க வேண்டியதில்லை.

விசுவாசத்தில் உறுதியானவர்களுக்கு இப்படிப்பட்ட நோய் வருமா என்று கேட்பவர்களுக்குச் சபை வரலாறே விடை சொல்கிறது. மார்ட்டின் லூத்தர் 1521ஆம் ஆண்டு வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த நாட்களில், மலச்சிக்கலின் கொடுமையைத் தம் நண்பர்களுக்கு ஒளிவுமறைவின்றிக் கடிதங்களில் எழுதினார். அதே கோட்டையில் அதே ஆண்டின் இறுதியில்தான் அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்க்கத் தொடங்கினார். ஜான் கால்வின் 1564 பிப்ரவரியில் மோன்பெலியே நகரத்து மருத்துவர்களுக்குத் தம் நோய்களை வரிசையாக விவரித்துக் கடிதம் எழுதினார். கீல்வாதம், சிறுநீரகக் கல் ஆகியவற்றோடு மூலப்புண்ணின் வேதனையும் அந்தக் கடிதத்தில் இடம்பெற்றது. அதே ஆண்டு மே 27ஆம் நாள் அவர் மறைந்தார். மருத்துவரிடம் உடம்பைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்வது விசுவாசக் குறைவு என்று அவர் எண்ணவில்லை என்பதை அந்தக் கடிதம் காட்டுகிறது.

இனி, சிகிச்சையைப் பற்றி. என் மருத்துவர் முதலில் பெருங்குடலை உட்காணும் சோதனை செய்யச் சொன்னார். "மூலம் இருப்பது தெரிகிறது ஐயா. ஆனால் இரத்தம் அங்கிருந்து மட்டும்தான் வருகிறது என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்கள் வயதில் மேலேயும் பார்த்துவிட வேண்டும்" என்றார். முந்தின இரவு மருந்து கலந்த நீரைக் குடித்து வயிற்றைச் சுத்தம் செய்வதுதான் அந்தச் சோதனையில் கடினமான பகுதி. மயக்கம் தந்ததால் சோதனை நடந்ததே தெரியவில்லை. வேறு கோளாறு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது.

பிறகு அவர் எழுதித் தந்ததைப் பார்த்து எனக்கு வியப்பு. முதல் வரியில் இருந்தது உணவு. நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து. கேழ்வரகு, கம்பு, கீரை, பயறு வகைகள், வாழைத்தண்டு, கொய்யா என்று நம் பாட்டிமார் அடுப்பில் இருந்தவைதான் அந்தப் பட்டியலில் இருந்தன. அவற்றோடு, இரவில் ஒரு குவளை நீரில் இரண்டு கரண்டி இசப்கோல், பகல் முழுவதும் போதிய தண்ணீர். மூலநோயாளிகளைக் கொண்டு நடத்திய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நார்ச்சத்து சேர்த்துக்கொண்டவர்களுக்கு இரத்தக்கசிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது என்று கண்டிருக்கிறார்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும். இருதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, பழக்கம். வேண்டியபோது உடனே போக வேண்டும், அடக்கக் கூடாது. போன இடத்தில் சில நிமிடங்களுக்கு மேல் உட்காரக் கூடாது. கைப்பேசி அந்த அறைக்குள் வரக் கூடாது. மேற்கத்தியக் கழிப்பறை என்றால் பாதத்தின் கீழ் ஒரு சிறு முக்காலி வைத்துக்கொண்டால் முழங்கால் உயர்ந்து, முக்க வேண்டிய தேவை குறையும். எரிச்சலும் வலியும் உள்ள நாட்களில், அகலமான பாத்திரத்தில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடங்கள் உட்கார வேண்டும். களிம்புகள் எரிச்சலைத் தணிக்கும், நோயை நீக்கா. ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்திற்கு மேல் பூசுவது தோலுக்குக் கேடு.

மூன்று மாதங்களில் எனக்கு இரத்தம் நின்றது. அடுத்த ஆண்டு, திருமண்டல வேலையாகத் தொடர்ந்து பல நாட்கள் பேருந்தில் பயணம் செய்ய நேர்ந்தபோது மறுபடியும் வந்தது. இம்முறை மருத்துவர் இரப்பர் வளையம் போடலாம் என்றார். உள்மூலத்தின் அடிப்பகுதியில் மிகச் சிறிய இரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். இரத்த ஓட்டம் நின்று அந்தப் பகுதி சுருங்கி, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் வளையத்தோடு உதிர்ந்துவிடும். மயக்க மருந்து இல்லை; மருத்துவமனையில் தங்கவும் இல்லை. இரண்டு நாட்கள் உள்ளே எதையோ பிடித்து இழுப்பது போன்ற கனம் இருந்தது. உதிர்ந்த நாளில் சிறிது இரத்தம் வந்தது. சில வாரங்கள் கழித்து இன்னொரு வளையம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உட்கொள்கிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வளையம் போட்ட பிறகு காய்ச்சலோ, தாங்க முடியாத வலியோ, சிறுநீர் கழிக்க முடியாமையோ ஏற்பட்டால் அன்றே திரும்பச் செல்ல வேண்டும் என்றும் எச்சரித்தே அனுப்பினார்கள்.

முற்றிய நிலைகளுக்கு அறுவை சிகிச்சை உண்டு. வெட்டி எடுக்கும் பழைய முறையில் சில வாரங்கள் வலி இருக்கும். நோய் திரும்பி வருவது மிகக் குறைவு. ஸ்டேப்லர் முறையில் வலி குறைவு. ஆனால் திரும்பி வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். லேசர் என்ற சொல்லைக் கேட்டவுடன் அது எல்லாவற்றிலும் மேலானது என்று முடிவு செய்ய வேண்டாம். எந்த நிலைக்கு எது ஏற்றது, எவ்வளவு செலவு, திரும்பி வர வாய்ப்பு எவ்வளவு என்ற மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சிகிச்சைகளைச் செய்கிறார்கள் என்பதைப் பொருளாதாரத்தில் நலிந்த நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும்.

துத்தி இலை, கருணைக்கிழங்கு, சின்ன வெங்காயமும் மோரும் என்று நம் ஊர்களில் வழிவழியாக வருகிற பக்குவங்களை நான் இகழவில்லை. என் வீட்டிலும் கருணைக்கிழங்கு மசியல் உண்டு. முறையாகப் பயின்ற சித்த மருத்துவரிடம் செல்வதும் மருத்துவரிடம் செல்வதுதான். ஆனால் பேருந்து நிலையச் சுவர்களிலும் மின்கம்பங்களிலும், மூலம் பௌத்திரம் ஒரே நாளில் குணம், ஆபரேஷன் இல்லை என்று ஒட்டியிருக்கும் சுவரொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பட்டம் இல்லாதவர்கள் ஊசி போட்டும் மருந்து வைத்தும் கட்டியைக் கருக்குகிறார்கள். அதனால் புண் அழுகி, ஆசனவாய் சுருங்கிப்போய், வாழ்நாள் முழுவதும் அவதிப்படுகிறவர்கள் உண்டு. அந்தச் சுவரொட்டிகளுக்கு வாடிக்கையாளரைத் தேடித் தருவது நம்முடைய வெட்கமே. பெயர் கேட்காத இடம், உறவினர் வராத சந்து, ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம். மறைக்க விரும்புகிறவனுக்கு அதைவிட வசதியான இடம் எது?

வெட்கத்தின் விலை இன்னும் பெரிதாவதும் உண்டு. நான் முன்பு ஊழியம் செய்த சேகரம் ஒன்றில், அறுபது வயதைக் கடந்த அண்ணாச்சி ஒருவர் இருந்தார். அவருடைய துணைவியாரின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஒரு நாள் ஆலயத்தின் மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் வெளுத்திருந்தது. மருத்துவமனையில் இரத்தம் மிகவும் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். விசாரித்தபோதுதான், ஓர் ஆண்டுக்கு மேலாக மலத்தோடு இரத்தம் போவதையும், "உடம்புச் சூடு, மூலச்சூடு" என்று சொல்லிக்கொண்டு கடையில் மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்ததையும் சொன்னார். கோழிக்கறியை நிறுத்தினார், இளநீர் குடித்தார், எண்ணெய் தேய்த்துக் குளித்தார். மருத்துவரிடம் மட்டும் செல்லவில்லை. அது மலக்குடலில் வந்த புற்றுநோய். அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் நோய் ஈரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு அவர் நம்மோடு இல்லை. "இந்த இடத்தைப் போய் யாரிடம் காட்டுவது ஐயா" என்று படுக்கையில் இருந்தபடி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை.

மூலம் புற்றுநோயாக மாறுவதில்லை. இதைத் தெளிவாகச் சொல்கிறேன், பயந்துவிட வேண்டாம். ஆனால் இரண்டும் இரத்தத்தைக் காட்டும். எது என்று நாமாக முடிவு செய்ய இயலாது. இரத்தம் வந்தால், எந்த வயதானாலும், ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். 45 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தவர்களும் கட்டாயம் காட்ட வேண்டும். காரணமின்றி எடை குறைவது, மலம் கறுத்துப் போவது, சில வாரங்களாக மலப்போக்கு மாறியிருப்பது, இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைத் தள்ளாதீர்கள்.

சகோதரிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கர்ப்பகாலத்திலும் பிரசவத்திற்குப் பின்னும் மூலம் வருவது மிகச் சாதாரணம். ஆயினும் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டேன் என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிற தாய்மார் நம்மிடையே உண்டு. 1870ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் தம் பெற்றோரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவியருக்கு உதவும்படி ஒருவர்பின் ஒருவராக வந்து அழைத்தார்கள். அவருக்கு மருத்துவம் தெரியாது. அவருடைய தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் தங்கள் மனைவியைப் பார்ப்பதற்கு அவர்கள் ஒப்பவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்காவில் மருத்துவம் பயின்று, 1900ஆம் ஆண்டு திரும்பி வந்து வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியையும் அங்கே நிறுவினார். அந்த மூன்று பெண்களுக்கு இல்லாத வாய்ப்பு இன்று உங்களுக்கு இருக்கிறது. பெண் அறுவை மருத்துவர்கள் அநேகர் இருக்கிறார்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். கணவன்மாரே, மனைவி இதைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள், "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், சபையைச் சரீரத்திற்கு ஒப்பிடுகிறார். கண், காது, கை, கால் என்று சொல்லிவந்தவர், நாம் மதிப்புக் குறைவாக எண்ணி மறைக்கிற அவயவங்களையும் விட்டுவிடாமல் சொல்கிறார். அவற்றிற்கே கூடுதலான கனம் கொடுக்கிறோம் என்கிறார். சரீரத்தைப் படைத்தவர் அப்படித்தான் அதை அமைத்தார் என்பது அவர் வாதம். கனம் என்பதை நாம் மூடி மறைப்பது என்று மட்டும் விளங்கிக்கொண்டோம். ஒரு குழந்தையின் புண்ணைத் துணியால் மூடினால் போதுமா? கழுவி மருந்திட்டுக் கட்ட வேண்டாமா? மறைவான அவயவத்திற்கு நாம் செலுத்தும் கனம், அதன் வேதனைக்குச் செவிகொடுத்து, தகுந்தவரிடம் அதைக் காட்டுவதுதான். நம் வேதம் இதில் நம்மைப்போல் கூச்சப்படவில்லை. பாளயத்திற்கு வெளியே சென்று மலம் கழித்து மண்ணால் மூட வேண்டும் என்று உபாகமம் 23ஆம் அதிகாரம் சட்டமாகவே சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய பெண், கூட்டத்தில் யாரும் அறியாதபடி பின்னால் வந்து தொட்டாள். சுகமான பிறகும் ஆண்டவர் அவளை அப்படியே மறைந்துபோக விடவில்லை. அவள் முன்னே வந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கடிந்துகொள்ளாமல் மகளே என்றழைத்து அனுப்பினார்.

இன்றைக்கு என் நிலை இதுதான். மூலம் முற்றிலும் போய்விட்டது என்று சாட்சி சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாட்களில் தொந்தரவு இல்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எரிச்சல் தலைகாட்டும். வெந்நீரும் உணவும் அதைத் தணிக்கின்றன. புனித வெள்ளியின் மூன்று மணி நேர ஆராதனையில் பீடத்தின் மர நாற்காலியில் மெத்தை ஒன்று போட்டுக்கொள்கிறேன். லெந்து காலத்தில் உபவாசம் இருக்கும் நாட்களிலும் தண்ணீரைக் குறைப்பதில்லை. மூலம் உள்ளவர்கள் நீரும் அருந்தாமல் உபவாசித்தால் மலம் இறுகி, நோய் பெருகும். உங்கள் உபவாசத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள்.

சபையாகவும் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. ஆலய வளாகத்தில் பெண்களுக்கான கழிப்பறையைப் பழுதுபார்த்து எப்போதும் தண்ணீர் வரும்படி செய்வதைச் சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் முதல் பொருளாக வைத்திருக்கிறேன். காலையில் பேருந்தேறி வந்து மதியம் வரை அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மாருக்கு அது பிரசங்கத்தைவிட அவசரமான தேவை. இரண்டாவது, அந்த விண்ணப்பச் சீட்டு. உங்கள் நோயின் பெயரைச் சபையார் எல்லாருக்கும் அறிவிக்கச் சொல்லவில்லை. நான் அதை உரக்க வாசிக்கவும் மாட்டேன். ஆனால் "சரீர பெலவீனம்" என்று எழுதுகிறவர்கள், அதன் பெயரை வீட்டில் ஒருவரிடமும் மருத்துவர் ஒருவரிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தனியாகச் செல்லத் தயங்கினால் என்னிடமோ ஆயரம்மாவிடமோ சொல்லுங்கள். உடன் வந்து வெளியே அமர்ந்திருப்போம்.

நம் சரீரங்களை அறிந்திருக்கிற ஆண்டவர், சுகத்தையும் அதைத் தேடிச் செல்லும் தைரியத்தையும் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.